இடுப்பில் ஒரு கிலோ… போலீஸ் பிஸ்டல் ஏன் இவ்வளவு கனம்? ஸ்டீல் முதல் பாலிமர் வரை!

சினிமாவில் ஹீரோ பிஸ்டலை அப்படியே இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடுவார், பைக் ஓட்டுவார், டான்ஸ்கூட ஆடுவார். நிஜத்தில் அது அவ்வளவு ஈஸியா?

ஒரு கிலோ கம்பம் பன்னீர் திராட்சையை ஒரு பையில் போட்டு, இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். அதோடு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என ஏதாவது ஒரு மலைப்பாதை செக்போஸ்ட்டில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நில்லுங்கள். ஜீப்பில் ஏறணும், இறங்கணும், லாரிக்குள் குனிந்து பார்க்கணும். முழு அளவு ஸ்டீல் பிஸ்டல் ஒன்றின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அது என்ன ஃபிரேம்?

பிஸ்டலை இரண்டு பாகமாகப் பிரிக்கலாம். மேலே முன்னும் பின்னும் நகர்வது ஸ்லைடு. கீழே கைப்பிடி, ட்ரிக்கர், மேகசின் எல்லாவற்றையும் தாங்குவது ஃபிரேம். வெடிப்பின் அழுத்தத்தை நேரடியாகத் தாங்குவது குழலும் ஸ்லைடும்தான் என்பதால், அவை பெரும்பாலும் ஸ்டீலில்தான் இருக்கும். எடையைக் குறைக்க வேண்டுமென்றால் கை வைக்க வசதியான இடம் ஃபிரேம்தான்.

ஸ்டீல், அலுமினியம், பாலிமர்

ஸ்டீல்: இந்திய ராணுவமும் மாநில போலீஸ் படைகளும் பல வருடங்களாகப் பயன்படுத்துவது '9 எம்எம் 1ஏ' பிஸ்டல். 1935-ல் வந்த பெல்ஜியத்தின் பிரவுனிங் ஹை-பவர் டிசைன்தான் இது. இங்கே தயாராவது மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைஃபிள் ஃபேக்டரியில். ஃபிரேமும் ஸ்டீல். மேகசினில் 13 தோட்டாக்கள் போட்டால் எடை ஒரு கிலோவைத் தாண்டிவிடும். உழைக்கும், ஆனால் வியர்வையும் மலை ஈரமும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் போடணும்.

அலுமினியம்: 1985-ல் அமெரிக்க ராணுவம் 1.1 கிலோ எடையுள்ள பழைய ஸ்டீல் பிஸ்டலை விட்டு பெரெட்டாவுக்கு மாறியது. அலுமினிய ஃபிரேம் என்பதால் எடை சுமார் 950 கிராம்தான். தோட்டாக்களோ 7-லிருந்து 15 ஆனது.

பாலிமர்: பாலிமர் ஃபிரேமோடு ஜெர்மனியின் விபி70 1970-லேயே வந்துவிட்டது. ஆனால் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஆஸ்திரியாவின் கிளாக் 17. அந்நாட்டு ராணுவத்துக்காக 1980-களின் தொடக்கத்தில் வந்தது. மேகசின் இல்லாமல் 630 கிராம்தான். 17 தோட்டாக்கள் நிரப்பினாலும் ஒரு கிலோவைத் தொடாது. ஃபிரேமில் துருவும் பிடிக்காது. நம்ம என்எஸ்ஜி கமாண்டோக்களிடமும் இது இருக்கிறது.

அப்போ லேசா இருந்தாலே நல்லதுதானே?

இங்கேதான் நியூட்டன் குறுக்கே வருகிறார். தோட்டா முன்னால் பாயும்போது பிஸ்டல் பின்னால் உதைக்கும். அதே தோட்டா, பிஸ்டலின் எடை மட்டும் பாதி என்றால், அது பின்னால் வரும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முனை மேலே எழும்பும், இரண்டாவது முறை குறி வைக்க நேரமாகும். கனமான ஸ்டீல் அந்த உதையை உள்வாங்கிக்கொள்ளும். அதனால்தான் துப்பாக்கி சுடும் போட்டிகளில் இன்றும் பலர் ஸ்டீல் ஃபிரேமை விரும்புகிறார்கள். அவர்கள் பிஸ்டலைத் தூக்குவது சில நிமிடங்கள்தான்.

போலீஸ் கணக்கு தலைகீழ். சுமப்பது தினமும், சுடுவது சர்வீஸ் முழுக்க ஒருமுறைகூட இல்லாமல் போகலாம். பெல்ட்டில் பிஸ்டல் மட்டுமா? வாக்கி-டாக்கியும் இருக்கும். ஒரே பக்கம் இழுக்கும் சுமைக்கு இடுப்பும் முதுகும்தான் பதில் சொல்லணும்.

நாம வாங்க முடியுமா?

9 எம்எம் தடை செய்யப்பட்ட ரகம், பொதுமக்களுக்குக் கிடையாது. உரிய காரணம் இருந்தால், கலெக்டர் தரும் லைசென்ஸோடு .32 ரகத்தை வாங்கலாம். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வதும் உண்டு. பெண்களை மனதில் வைத்து 2014-ல் கான்பூரில் தயாரான 'நிர்பீக்' ரிவால்வர், டைட்டானியம் அலாய் புண்ணியத்தில் வெறும் 500 கிராம். ஆனால் விலை ஒரு லட்சத்துக்கு மேல்!

கடைசியா…

எடை குறைந்தால் இடுப்புக்கு நிம்மதி, ஆனால் கைக்கு வேலை அதிகம். கம்பம் பஸ் ஸ்டாண்டு மாதிரி கூட்டமான இடத்தில் ஒரு தோட்டா தவறினால், அது யார்மேல் படும் என்று சொல்ல முடியாது. லேசான பிஸ்டல் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த உதை பழகும் அளவுக்கு, பயிற்சியில் சுட்டுப் பார்க்கத் தோட்டாவும் நேரமும் கொடுக்கணும். இல்லாவிட்டால் இடுப்பில் குறைந்த கனம், சுற்றி நிற்கிறவர்கள் தலையில்தான் ஏறும்.