நோயுற்ற சிறுவனுக்காகப் பிறந்த முயல்

நீல மேற்சட்டை அணிந்த பீட்டர் முயலைப் பொம்மைக் கடைகளில் கண்டிருப்பீர்கள். அது கடைக்காகப் பிறந்ததன்று. 1893 செப்டம்பர் 4 அன்று ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த பீட்ரிக்ஸ் பாட்டர், தம் முன்னாள் ஆசிரியையின் மகன் நோயல் மூருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்து வயது நோயல் அப்போது நோயுற்றுப் படுக்கையில் இருந்தான். அவனை மகிழ்விக்க நான்கு முயல்குட்டிகளின் கதையைப் படங்களோடு வரைந்து அனுப்பினார். சிறுவன் அக்கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். பின்னாளில் அதையே இரவல் பெற்றுப் பாட்டர் நூலாக்கினார். பதிப்பாளர்கள் மறுத்தமையால் 1901இல் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டு லண்டன் பதிப்பகம் ஒன்று அதை வெளியிட்டது.

1903இல் பீட்டரின் துணிப் பொம்மையைத் தாமே செய்து காப்புரிமையும் பதிவு செய்தார். மீசைக்குத் தூரிகையின் மயிரைப் பிடுங்கி வைத்தார். பொம்மை நிமிர்ந்து நிற்பதற்காகக் காலில் ஈயக் குண்டுகளை நிரப்பினார். அந்த முயல் இன்று வந்தால், எங்கள் குழந்தைகள் பிரிவின் வாயிலிலேயே செவிலியர் தடுத்து நிறுத்திவிடுவார்!

1940களின் இறுதியில் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய பீங்கான் உருவங்களைச் சேகரிப்போர் பலர். அவை அலமாரிக்கு உரியவை. பழைய பீங்கானின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். உடைந்தால் கையைக் கிழிக்கும்.

நம் பக்கத்துச் சின்ன காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவிலும் கதைகள் உருவம் பெறுகின்றன. வடை சுட்ட பாட்டியும் காகமும் நரியும் நம் கொலுப்படிகளில் வீற்றிருப்பதுண்டு. ஆயினும் களிமண்ணும் காகிதக் கூழும் ஈரத்தைத் தாங்கா. ஆகவே கழுவவும் இயலாது. கழுவ இயலாத பொருளில் கிருமி தங்கினால் அகற்றுவது கடினம். புற்றுநோய்ச் சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைக்கு அது சிறு செய்தியன்று.

எனவே வழவழப்பான, ஒரே துண்டாக அமைந்த, சோப்பு நீரில் கழுவி உலர்த்தக்கூடிய பொம்மையையே கொண்டுவருக. நீரை உறிஞ்சிப் பீச்சும் உள்ளீடற்ற இரப்பர் பொம்மைகள் வேண்டா. அவற்றினுள் பூஞ்சை வளரும். மூன்று வயதுக்குட்பட்டோர் கையில் கழன்று விழும் கண்ணோ பொத்தானோ உள்ள எதையும் தராதீர்கள், மூச்சுக்குழாயை அடைக்கும். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியுள்ளது, வாங்கும்போது அதைப் பாருங்கள். குழந்தை வாயில் வைத்ததைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கைமாற்ற வேண்டா.

வீட்டுக் கொலுப் பொம்மையைக் காணக் குழந்தை ஏங்கினால், கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். ஒரகடத்தில் இரவுப் பணியிலிருக்கும் தந்தையரும் இடைவேளையில் அழைத்து அப்பாட்டியின் கதையைச் சொல்லலாம். பொம்மை எதுவாயினும், கட்டிலில் வைக்குமுன் பணியிலுள்ள செவிலியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.