மீளிணக்க முறையும் விசேட தேவையுடைய மாணவரும்

பாடசாலையில் ஒருவர் இழைத்த தீங்கைத் தண்டனையால் தீர்க்காது, பாதிக்கப்பட்டோருடன் கூடியிருந்து பேசிச் சீர்செய்ய முனைவதே மீளிணக்க முறையாகும். நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டம் தவறிழைத்த இளையோருக்கெனக் குடும்பக் குழுக் கூட்டங்களை ஏற்படுத்தியது. 1994இல் அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பாடசாலையொன்று இவ்வகைக் கூட்டத்தை மாணவரிடையே நடாத்தியது. என்ன நிகழ்ந்தது, யார் பாதிக்கப்பட்டனர், அதனைச் சீர்செய்ய யாது செய்யலாம் என்பனவே அங்கு எழும் வினாக்கள்.

இவை யாவும் பேச்சாற்றலை வேண்டி நிற்பன. முகம் நோக்கிப் பேசவியலாத ஓட்டிசமுடைய சிறுவனின் மௌனம், கழிவிரக்கமின்மை எனப் பிழையாகக் கொள்ளப்படலாம். ஆதலின் வினாக்களைப் படங்களாலோ சைகைமொழியாலோ உணர்த்துதல், ஒவ்வொன்றாக வினவுதல், விடைக்குப் போதிய அவகாசம் அளித்தல், நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் இருக்கச் செய்தல் ஆகியன இன்றியமையாதன. இவையின்றேல் அக்கூட்டமும் அம்மாணவனுக்குப் பிறிதொரு தண்டனையாகவே முடியும்.