பணம் வாங்க ரகசிய எண் எதற்கு?

ராஜபாளையம்–தென்காசி சாலையில் உள்ள சேத்தூரில் என் சித்தப்பா சிறிய இனிப்புக் கடை வைத்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அதன் பிறகு வெளியூர்க்காரர்களும் பால்கோவா கேட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புகிறார்களே என்று புதிதாக ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டார்.

ஒருநாள் ஒரு போன். "ராணுவ அதிகாரி பேசுகிறேன், முகாமில் விழா, முப்பது கிலோ வேண்டும்." அடையாள அட்டையின் படமும் வந்தது. பாதித் தொகையை முன்பணமாகத் தருவதாகச் சொன்னவர், "ராணுவக் கணக்கு என்பதால் நடைமுறை வேறு. நான் அனுப்பும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஐந்து ரூபாய் போடுங்கள், பத்தாகத் திரும்பி வரும்" என்றார். வந்தது! அடுத்த கோடில் 5,500 ரூபாய் போனது, திரும்பவில்லை. "சர்வர் கோளாறு, இன்னொரு முறை" என்றதும் மறுபடி 5,500. நாடெங்கும் பல கடைக்காரர்கள் ஏமாந்த பழைய தந்திரம்தான் இது. அந்த ஐந்து ரூபாய்தான் தூண்டில் புழு.

இதில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கியூஆர் கோடு என்பது படமாக எழுதப்பட்ட சில வரி எழுத்துகள். பணம் யாருடைய யுபிஐ முகவரிக்குப் போக வேண்டும், அவர் பெயர் என்ன, சில சமயம் எவ்வளவு தொகை என்பது அதில் இருக்கும். ஸ்கேன் செய்பவர்தான் பணம் கொடுப்பவர். யுபிஐ பின் நம்பர் என்பது காசோலையில் போடும் கையெழுத்து மாதிரி. நமக்கு வரும் காசோலையில் நாமா கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்?

ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' வசதியை, மோசடிகளைக் குறைப்பதற்காக என்.பி.சி.ஐ. 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆனால் கியூஆர் வழி திறந்தேதான் இருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. "பணம் போட்டாச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். அது வெறும் படம். பெயிண்ட் புரோகிராம் தெரிந்த பையனே செய்துவிடுவான். 5,000-க்குப் பதில் 50,000 வந்துவிட்டதாகப் போலி எஸ்.எம்.எஸ். அனுப்பி, மீதியைத் திருப்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வங்கியின் ஆப்பை நீங்களே திறந்து இருப்பைப் பாருங்கள். அதில் ஏறாத பணம் வராத பணம்தான்.

பெரிய ஆர்டர் என்றால் அவர்கள் கொடுத்த எண்ணிலேயே திரும்பப் பேசிப் பயனில்லை. அந்த நிறுவனத்தின் எண்ணை நீங்களாகத் தேடிக் கூப்பிடுங்கள். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் இலவசமாகவே சரிபார்க்கலாம். அடுத்தவர் எண்ணைத் திருடியும் கொடுப்பார்கள் என்பதால் அது மட்டும் போதாது.

பணம் போய்விட்டதா? வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தேதி, தொகை, பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தகவல் போனால் முடக்கி வைக்க வாய்ப்புண்டு. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

சித்தப்பா மறுநாள் காலையில்தான் என்னிடம் சொன்னார். அதற்குள் கணக்கு காலி. முப்பது கிலோ பால்கோவாவை ராஜபாளையத்தில் தெரிந்த கடைகளுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தோம். இப்போது கல்லாவுக்கு மேல் அவரே எழுதி ஒட்டியிருக்கிறார்: "பணம் வாங்க பின் நம்பர் போடாதே." வாடிக்கையாளர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அது அவர்களுக்கு எழுதியதில்லை.