கதையைப் பார்க்கும் முன் கதவைப் பாருங்கள்!

குடும்பத்தோடு "மர்ம அறை" விளையாடப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

சினிமா "செட்" எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? சுந்தரபாண்டியபுரத்தில் கேளுங்கள்!

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊர் சூரியகாந்திப் பூவுக்குப் பேர் போனது. பூத்த காலத்தில் வயல் எல்லாம் மஞ்சள். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் இங்கேயும் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள். சினிமாக்காரர்களுக்கும் இது பிடித்த ஊர். 1992-ம் ஆண்டு வந்த "ரோஜா" படத்தில் கதாநாயகியின் சொந்த ஊர் இதுதான். 2005-ம் ஆண்டு வந்த "அந்நியன்" படத்தின் பாட்டுக்காக இங்குள்ள பாறைகளில் முகங்களை வரைந்தார்கள். "அந்நியன் பாறை" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது!

படப்பிடிப்பைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காமிராவில் அரண்மனையாகத் தெரிவது, பக்கத்தில் போனால் வெறும் பலகை, துணி, வர்ணம். அவ்வளவுதான்!

அப்படி ஒரு "செட்"டுக்குள் உங்களை அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். "ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வாருங்கள், பார்க்கலாம்!" என்கிறார்கள். எப்படி இருக்கும்?

அதுதான் இப்போது பெரிய நகரங்களில் நடக்கும் புது விளையாட்டு. "எஸ்கேப் ரூம்" என்பார்கள். நாம் "மர்ம அறை" என்று வைத்துக்கொள்வோம்.

விடுமுறைக்குச் சென்னைக்கோ, பெங்களூருக்கோ போனால் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் நாலைந்து அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கதை. எதைத் தேர்ந்தெடுப்பது?

உள்ளே என்ன நடக்கும்?

ஓர் அறை சிறைச்சாலைபோல் இருக்கும். இன்னொன்று பாழடைந்த பங்களா. மற்றொன்று ராஜாவின் பொக்கிஷ அறை. நீங்கள் கைதி, அல்லது துப்பறியும் நிபுணர், அல்லது புதையல் தேடுகிறவர்.

மேஜைக்கு அடியில் ஒரு சாவி இருக்கும். அது ஓர் அலமாரியைத் திறக்கும். அலமாரிக்குள் ஒரு படம். படத்தில் மறைந்திருக்கும் எண்கள் ஒரு பெட்டியைத் திறக்கும். இப்படித் துப்புக்கு மேல் துப்பாகப் போய்க் கடைசிக் கதவைத் திறக்க வேண்டும்.

வெளியே ஓர் ஊழியர் காமிரா மூலம் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் திணறினால் சின்னக் குறிப்புக் கொடுப்பார். நேரம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. அவரே கதவைத் திறந்துவிடுவார்.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இது புதிய கதை அல்ல. அபிமன்யுவின் கதை தெரியாத பிள்ளை உண்டா? சக்கர வியூகத்துக்குள் நுழைய அவனுக்குத் தெரியும். வெளியே வரத் தெரியாது! அங்கே அது போர். இங்கே அது பொழுதுபோக்கு.

ஜப்பானில் பிறந்தது!

2007-ம் ஆண்டு ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் தகாவோ கத்தோ என்பவர் இதைத் தொடங்கினார். கம்ப்யூட்டர் திரையில் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டை நிஜ அறைக்குக் கொண்டுவந்தார். 2011-ம் ஆண்டு ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் "பாராபார்க்" என்ற இடம் திறந்தது. பிறகு நாட்டுக்கு நாடு பரவி, சில ஆண்டுகளில் இந்திய நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது.

யாருக்கு எந்த அறை?

கதையின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் உங்கள் கூட்டத்தைப் பாருங்கள்.

எத்தனை பேர்? நாலு பேர் ஆட வேண்டிய அறைக்குள் எட்டுப் பேர் போனால், நாலு பேர் சும்மா நிற்பார்கள். ஒருவர் தேட, மூவர் வேடிக்கை பார்த்தால் அது விளையாட்டா? பெரிய குடும்பம் என்றால் இரண்டு அணியாகப் பிரிந்து இரண்டு அறைகளுக்குப் போகலாம். எந்த அணி முதலில் வெளியே வருகிறது என்ற போட்டியும் சேர்ந்துகொள்ளும்.

வயது என்ன? சின்னக் குழந்தைகள் இருந்தால் புதையல் வேட்டை, மாயாஜாலம் போன்ற கதைகள் நல்லது. பேய், கொலை, ரத்தம் எல்லாம் வேண்டாம். சில பேய் அறைகளில் இருட்டில் ஆள் வந்து பயமுறுத்துவார். இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்ப்பதே நலம். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களைக் கேலி செய்து உள்ளே இழுக்காதீர்கள்.

என்ன மொழி? இதைக் கேட்க மறந்துவிடாதீர்கள். பல இடங்களில் துப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அந்த மொழி வராத பெரியவர்கள் மூலையில் உட்கார வேண்டியதுதான். படம், நிறம், ஓசை, கையால் தொட்டுப் பார்ப்பது போன்ற துப்புகள் அதிகம் உள்ள அறை எது என்று கேளுங்கள். அங்கே பாட்டியும் பேரனும் சமம். பூட்டு, கொக்கி விஷயத்தில் பாட்டியே முந்திவிடுவார்!

கட்டணம் எவ்வளவு? தலைக்கு இவ்வளவு என்பார்கள். மொத்தம் எவ்வளவு ஆகும், தாமதமானால் பணம் திரும்புமா, அந்நியர்களையும் நம்மோடு சேர்ப்பார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

முதல் தடவையா? எளிதான அறையைக் கேளுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. வென்று வெளியே வந்தால்தான் அடுத்த தடவை போக ஆசை வரும்.

ஐந்து சிறுமிகள்!

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது. ஆனால் பார்க்க வேண்டிய முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. அது கதவு!

2019-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி. போலந்து நாட்டில் கோஷாலின் என்ற நகரம். பிறந்த நாள் கொண்டாட ஐந்து சிறுமிகள் ஒரு மர்ம அறைக்குப் போனார்கள். எல்லோருக்கும் வயது 15.

வெளியே, ஆட்கள் காத்திருக்கும் பகுதியில் குளிருக்காக எரிவாயுக் கணப்பு வைத்திருந்தார்கள். எரிவாயு கசிந்தது. தீப் பிடித்தது. ஊழியரால் சிறுமிகள் இருந்த அறைக்குப் போக முடியவில்லை. உள்ளே இருந்து தப்ப வேறு வழி இல்லை.

ஐந்து பேரும் விஷப் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஆட்டத்துக்காகப் பூட்டிய கதவு, ஆபத்திலும் திறக்கவில்லை!

அதன் பிறகுதான் போலந்து அரசு நாடு முழுவதும் உள்ள மர்ம அறைகளைச் சோதனை போட்டது. குறைபாடு உள்ள பல அறைகளை மூடியது.

"அது எங்கோ நடந்தது" என்று நினைக்கிறீர்களா? 2024-ம் ஆண்டு மே 25-ந் தேதி, குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டுக் கூடம் எரிந்தது. அது மர்ம அறை அல்ல. பல விளையாட்டுகள் உள்ள கூடம். பள்ளி விடுமுறைக் காலம். சனிக்கிழமை. குழந்தைகளோடு கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். வெல்டிங் வேலையின்போது பறந்த பொறியில் தீப் பிடித்தது. உள்ளே பெட்ரோலும் டீசலும் வைத்திருந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அந்தக் கூடத்துக்கு இல்லை. குழந்தைகள் உள்பட 27 பேர் மாண்டார்கள்.

நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கூரை எரிந்து 94 குழந்தைகள் பலியானதை யாரால் மறக்க முடியும்?

மூன்று இடங்களும் வேறு வேறு. ஆனால் மூன்றும் சொல்லும் பாடம் ஒன்றே. சந்தோஷமாக உள்ளே போகிற வழியை எல்லோரும் பார்க்கிறோம். அவசரத்தில் வெளியே வருகிற வழியை யாரும் பார்ப்பதில்லை!

கேட்க வேண்டிய கேள்விகள்

மர்ம அறை என்பது கூரை போட்ட "செட்" என்று சொன்னோம் அல்லவா? பலகையும் துணியும் சீக்கிரம் தீப் பிடிக்கும். வர்ணமும் பஞ்சும் எரிந்தால் புகை கக்கும். ஆகவே பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. கதவை நிஜமாகவே பூட்டுகிறீர்களா? நல்ல இடங்களில் நுழைந்த கதவைப் பூட்டுவதே இல்லை. "வேண்டும்போது வெளியே போகலாம்" என்று சொல்லிவிடுவார்கள். ஆட்டத்தின் ருசி அதனால் குறைவதில்லை.

2. பூட்டினால், உள்ளிருந்து திறப்பது எப்படி? கதவருகே அவசரப் பொத்தான் இருக்க வேண்டும். அழுத்தினால் உடனே திறக்க வேண்டும். "எங்கே, ஒரு தடவை அழுத்திக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

3. மின்சாரம் போனால் என்ன ஆகும்? மின்காந்தப் பூட்டு என்று ஒன்று உண்டு. மின்சாரம் ஓடும்வரை அது கதவைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் நின்றால் விட்டுவிடும். இருட்டானாலும் கதவு திறக்கும். இந்த வகைதான் நல்லது.

4. இரண்டாவது வழி எங்கே? ஒரு பக்கம் தீ என்றால் மறுபக்கம் போக வழி வேண்டும்.

5. ஆட்டம் முடியும்வரை ஊழியர் இருப்பாரா? ஒரே ஆள் டிக்கெட்டும் கொடுத்து, போனும் பேசி, நாலு அறைகளையும் பார்த்துக்கொண்டால் அது கண்காணிப்பு ஆகாது.

6. தீயணைப்புத் துறையின் சான்று இருக்கிறதா? தீயணைப்புக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது?

கேட்கும்போதே கண்ணையும் ஓட்டுங்கள். மாடிப்படியில் பழைய சாமான்கள் குவிந்திருக்கின்றனவா? வாசலருகே எரிவாயு சிலிண்டரோ, ஜெனரேட்டருக்கான எண்ணெயோ இருக்கிறதா? இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சில ஆட்டங்களில் கைவிலங்கு மாட்டுவார்கள். தாங்களே கழற்ற முடியாத விலங்கைக் குழந்தைகளின் கையில் மாட்ட விடாதீர்கள்.

"இத்தனை கேள்வி கேட்டால் என்ன நினைப்பார்கள்?" என்று கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். முகம் சுளிக்கிறவரின் அறை உங்களுக்கு வேண்டாம்!

சேர்ந்து ஆடினால் வெற்றி!

உள்ளே போனதும் ஆளுக்கு ஒரு மூலையாகத் தேடுங்கள். எது கிடைத்தாலும் உரக்கச் சொல்லுங்கள். பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடாதீர்கள். திறந்து முடித்த சாவியை அந்தப் பூட்டிலேயே விட்டுவிடுங்கள். மறுபடியும் அதை எடுத்துக் குழம்ப வேண்டியதில்லை.

எதையும் பலமாக இழுக்க வேண்டாம். இது மூளைக்கு வேலை, முரட்டுத்தனத்துக்கு அல்ல. குழந்தை எதையாவது சொன்னால், "நீ சும்மா இரு" என்று அடக்காதீர்கள். தரையோரம் ஒட்டியிருக்கும் துப்பு, உயரமான அப்பாவின் கண்ணைவிட உயரம் குறைந்த பிள்ளையின் கண்ணில்தான் முதலில் படும்!

காசில்லாத மர்ம அறை!

நல்ல இடம் கிடைக்கவில்லையா? கட்டணம் கட்டுப்படியாகவில்லையா? கவலை வேண்டாம். குற்றாலத்து விடுதி அறையே போதும்.

சாரல் காலத்தில் அருவியில் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை போடுவார்கள். தடை நம் நன்மைக்குத்தான். 2024-ம் ஆண்டு மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அருவிக்குப் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது, ஏறி வரும் வழியைத்தான்.

தடை போட்ட நாளில் பிள்ளைகள் அறைக்குள் முணுமுணுப்பார்கள். அப்போது மூன்று எண் பூட்டு உள்ள பயணப் பெட்டியை எடுங்கள். உள்ளே மங்குஸ்தான் பழமோ, நேந்திரம் சிப்ஸோ வைத்துப் பூட்டுங்கள். மூன்று துண்டுக் காகிதங்களில் மூன்று துப்புகளை எழுதுங்கள்.

"ஐந்தருவியில் எத்தனை கிளை?" "ஒரு குறளுக்கு எத்தனை வரி?" "பாட்டியின் வலக் கையில் எத்தனை வளையல்?"

முதல் காகிதத்தைத் தலையணைக்குக் கீழே வையுங்கள். இரண்டாவதைச் செருப்புக்குள் ஒளியுங்கள். மூன்றாவதைப் பாட்டியிடமே கொடுத்துவிடுங்கள். இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவராக இருந்தால் இன்னும் நல்லது. அவரே வாசித்துக் காட்டட்டும். பிள்ளைகள் வளையலை எண்ண, பாட்டி கையை மறைக்க, சிரிப்புக்குக் குறைவிருக்காது!

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பெட்டியைப் பூட்டுங்கள், கதவைப் பூட்டாதீர்கள்.

பெரிய நகரத்து மர்ம அறைக்கும் அதே சட்டம்தான். துப்பு கிடைக்காமல் தோற்றால் டிக்கெட் காசு மட்டும் போகும். அடுத்த விடுமுறையில் போய் வென்றுகொள்ளலாம். கதவு திறக்காமல் தோற்றால், அடுத்த விடுமுறை ஏது?