சுரங்க ஊர் பட்டறை ஊரான கதை

மெக்சிகோ நகரிலிருந்து அகபுல்கோ கடற்கரைக்குப் போகும் பழைய மலைச்சாலையில், சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி டாஸ்கோ இருக்கிறது. குரேரோ மாநிலத்து மலைச்சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். எங்கும் வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, கல் பாவிய சந்து. சந்துகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருப்பதால் பெரிய வண்டிகளுக்கு அங்கே வேலை இல்லை. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார்களே டாக்சியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டியின் உற்பத்தி 2003-லேயே நின்றுவிட்டது. டாஸ்கோக்காரர்கள் அவற்றைப் பழுது பார்த்துப் பார்த்து இன்னும் மேடேற்றுகிறார்கள்.

சந்துக்குச் சந்து வெள்ளிக்கடைதான். மோதிரம், வளையல், பூந்தட்டு, தேநீர்ச் சட்டி என்று உள்ளங்கை அளவு கடையில்கூடக் கண்ணைப் பறிக்கும். சுரங்க ஊரில் வெள்ளிக்கடை இருப்பதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். ஆனால் இந்த ஊர் ஏறக்குறைய நானூறு ஆண்டு வெள்ளி வெட்டிய பிறகும் வெள்ளிவேலைக்கென்று பெயர் பெற்றிருக்கவில்லை. அந்தப் பெயர் 1931-க்குப் பிறகுதான் வந்தது.

ஸ்பானியர்கள் இங்கே முதலில் தேடி வந்தது வெள்ளியைக்கூட அல்ல. ஆஸ்டெக் பேரரசைக் கைப்பற்றிய ஹெர்னான் கோர்டெஸுக்குப் பீரங்கி வார்க்க வெண்கலம் வேண்டியிருந்தது. செம்பு கிடைத்தது, வெள்ளீயம் கிடைக்கவில்லை. டாஸ்கோ வட்டாரத்து மக்கள் சிறு வெள்ளீயத் துண்டுகளைக் காசுபோலப் புழங்குவதைக் கேள்விப்பட்டு ஆட்களை அனுப்பினார். 1524-ல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த பத்தாண்டில் வெள்ளிச் சுரங்கங்கள் திறந்தன. மண்ணின் மக்கள் அடிமைகளாகவும் கட்டாயக் கூலிகளாகவும் நிலத்துக்கு அடியில் இறக்கப்பட்டார்கள். வெட்டிய வெள்ளி கட்டியாக உருகி, கழுதை முதுகில் ஏறி, கடல் தாண்டிப் போனது.

ஊருக்குள் தங்கிய செல்வத்துக்கு ஒரு பெரிய சாட்சி மட்டும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஹோசே டெ லா போர்டா என்ற சுரங்க முதலாளிக்குப் பெரும் வெள்ளி ரேகை அகப்பட்டது. அந்தப் பணத்தில் 1751-ல் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகளில் சாந்தா பிரிஸ்கா தேவாலயத்தைக் கட்டி முடித்தார். இளஞ்சிவப்புக் கல்லில் இரட்டைக் கோபுரம், உள்ளே தரையிலிருந்து கூரைவரை தங்க முலாம் பூசிய மரச்சிற்பம். அவருடைய மகன் அங்கே பாதிரியாராக இருந்தார். பிறகு டாஸ்கோவில் போர்டாவின் அதிர்ஷ்டம் வற்றியது. வடக்கே சக்காடெகாஸ் சுரங்கங்களுக்குப் போய்த்தான் இழந்த செல்வத்தை மீட்டார். சுரங்கப் பணத்தின் இயல்பே இப்படித்தான். ரேகை இருக்கும்வரை ஊர் தழைக்கும், ரேகை தீர்ந்தால் முதலாளி அடுத்த மலைக்குப் போவார், கூலிக்காரர் நடுத்தெருவில் நிற்பார்.

1927-ல் மெக்சிகோ நகரிலிருந்து அகபுல்கோவுக்கு மோட்டார் சாலை போட்டார்கள். அது டாஸ்கோ வழியாகச் சென்றது. ஊரைத் தூக்கி நிறுத்திய முதல் காரியம் இதுதான் என்பேன். எவ்வளவு நல்ல கைவேலையானாலும் வாங்க ஆள் வந்து சேரப் பாதை வேண்டுமல்லவா?

அந்தப் பாதையில் 1929-ல் வந்து குடியேறியவர் வில்லியம் ஸ்ப்ராட்லிங். நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்த அமெரிக்கர். எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னருடன் ஒரே வீட்டில் குடியிருந்தவர், ஓவியர் டியேகோ ரிவேராவின் நண்பர். அப்போது மெக்சிகோவில் அமெரிக்கத் தூதராக இருந்த டுவைட் மாரோ, நூற்றாண்டுகளாக இந்த ஊர் வெள்ளியைத் தோண்டி வெளியே அனுப்புகிறதே, இங்கேயே அதைப் பண்டமாக்கினால் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டதாகச் சொல்வார்கள். 1931-ல் ஸ்ப்ராட்லிங் பட்டறை திறந்தார். அவருக்கு வரையத் தெரியும், வெள்ளிவேலை தெரியாது. பக்கத்து ஊரான இகுவாலாவில் பொற்கொல்லர்கள் இருந்தார்கள். அங்கிருந்து ஆர்டெமியோ நவரெட்டே என்பவரை அழைத்து வந்தார். ஸ்ப்ராட்லிங்கின் பெயரை ஊரே சொல்கிறது. நவரெட்டேயின் பெயரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பையன்களின் கையில் சுத்தியலைப் பிடித்துக் கொடுத்தது அவரைப் போன்ற கொல்லர்கள்தான்.

வடிவங்களுக்கு ஸ்ப்ராட்லிங் ஐரோப்பாவைப் பார்க்கவில்லை. ஸ்பானியர் வருவதற்கு முந்தைய மெக்சிகோவின் சிற்பங்களையும் முத்திரைகளையும் பார்த்தார். ஜாகுவார், பாம்பு, சங்கு, கைவடிவம் எல்லாம் வெள்ளியில் தடிமனாக, கனமாக இறங்கின. செவ்வந்திக் கல், எரிமலைக் கண்ணாடி, கருங்காலி, ஆமையோடு என்று அக்கம்பக்கத்தில் கிடைப்பதை வெள்ளியோடு சேர்த்தார். அவர் பண்டங்கள் பலவற்றில் 980 என்ற முத்திரையைக் காணலாம். ஆயிரத்தில் 980 பங்கு வெள்ளி என்று பொருள். வழக்கமான 925-ஐவிட உயர்ந்த மாற்று.

டாஸ்கோ பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் நம்மூர்ப் பத்தருக்கு அந்நியமாக அதிகம் இராது. மூசையில் வெள்ளியைப் போட்டு, வெண்காரம் தூவி உருக்கி, அச்சில் ஊற்றுவார்கள். சுத்த வெள்ளி மெத்தென்று வளைந்துவிடும் என்பதால் ஆயிரத்துக்கு 75 பங்கு செம்பு கலப்பார்கள். ஆறிய கட்டி உருளைகளுக்கு நடுவே போய்ப் போய்த் தகடாகும். தகட்டின் மேல் வரைபடத்தை ஒட்டி, மயிரிழை வாளால் கோட்டோடு கோடாக அறுப்பார்கள். வாள் அடிக்கடி ஒடியும், அதற்கென்று ஒரு கொத்து பக்கத்திலேயே இருக்கும். இரண்டு துண்டு பொருந்தும் இடத்தில் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். தீயில் கறுத்த மேற்பரப்பை அமிலத்தில் தோய்த்து வெளுக்கவைத்து, சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவார்கள். அரம் ராவிய தூளும் தரையைப் பெருக்கிய குப்பையும்கூட வீணாவதில்லை. எல்லாம் திரும்ப மூசைக்கே போகும்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஐரோப்பாவின் அழகுப் பொருட்கள் அமெரிக்காவுக்கு வருவது தடைபட்டது. அங்கிருந்த பெரிய கடைகள் டாஸ்கோ பக்கம் திரும்பின. ஸ்ப்ராட்லிங்கின் பட்டறையில் நூற்றுக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். நிறுவனம் பெருத்தது, வெளியார் முதலீடு புகுந்தது, கட்டுப்பாடு அவர் கையை விட்டுப் போனது. போர் முடிந்ததும் வியாபாரம் சரிந்து நிறுவனம் நொடித்துப்போனது.

ஊர் நொடிக்கவில்லை. காரணம், அதற்குள் சீடர்கள் பிரிந்து போயிருந்தார்கள். பட்டறையில் மேலாளராக இருந்த எக்டர் அகிலார் 1939-ல் சில கொல்லர்களோடு வெளியேறித் தனிப் பட்டறை வைத்தார். அதே ஆண்டு காஸ்டில்யோ சகோதரர்கள் தனியே தொடங்கினார்கள். வெள்ளி, செம்பு, பித்தளையை ஒரே தகட்டில் இணைக்கும் வேலைப்பாட்டுக்கு அவர்கள் பெயர் பெற்றார்கள். அந்தப் பட்டறையில் வடிவமைத்த மார்கோட் என்ற அமெரிக்கப் பெண் 1948-ல் சொந்தப் பட்டறை திறந்து, வெள்ளியில் வண்ண எனாமல் வேலைக்குப் புகழடைந்தார். ஸ்ப்ராட்லிங்கிடம் சிறுவனாகச் சேர்ந்த அன்டோனியோ பினேடா 1940களின் தொடக்கத்தில் தனியே போனார். 1944-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு அவர் பண்டங்கள் சென்றன. 2009-ல் அவர் இறக்கும்போது மெக்சிகோவின் பெருங்கலைஞர்களில் ஒருவர்.

குருவை விட்டுச் சீடன் போவதைத் துரோகமாகப் பேசுவது எல்லா ஊரிலும் உண்டு. டாஸ்கோ பிழைத்தது அதனால்தான். சுரங்கம் என்றால் ஒரு முதலாளி, ஒரு வாசல். அதை மூடினால் எல்லோர் வீட்டு அடுப்பும் அணையும். கைத்தொழில் நூறு வீட்டுக்குள் பரவிவிட்டால் அதை மூட யாராலும் ஆகாது. ஸ்ப்ராட்லிங்கே பின்னாளில் அலாஸ்காவின் பழங்குடிக் கைவினைஞர்களுக்காக இதே போன்ற திட்டம் தீட்டினார். 1948-ல் அங்கிருந்து சிலர் வந்து பயின்றும் போனார்கள். அரசின் பணம் தொடர்ந்து வராததால் அந்தத் திட்டம் அங்கே வேர்விடவில்லை. அவர் 1967-ல் டாஸ்கோ அருகே கார் விபத்தில் இறந்தார். அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

சுரங்கத்துக்கு வருவோம். 2007 ஜூலை 30 அன்று டாஸ்கோ சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரே நேரத்தில் மூன்று ஊர்ச் சுரங்கங்களில் தொடங்கிய போராட்டம் அது. டாஸ்கோவில் ஆண்டுகள் பல கடந்தும் தீரவில்லை. பட்டறை மட்டும் இல்லாதிருந்தால் ஊர் காலியாகியிருக்கும். இன்று கொல்லர்கள் உருக்கும் வெள்ளி பெரும்பாலும் வெளியிலிருந்து விலைக்கு வருவது. அதனால் உலகச் சந்தை தும்மினால் டாஸ்கோவுக்குச் சளி பிடிக்கிறது. 2025 அக்டோபரில் ஒரு அவுன்ஸ் வெள்ளி 50 டாலரைத் தாண்டியபோது, சிறு பட்டறைக்காரர் ஒரு கைப்பிடி வெள்ளி வாங்கவே யோசிக்க வேண்டியதாயிற்று.

வேறு கஷ்டங்களும் உண்டு. வீட்டின் ஒரு மூலையில் நடக்கும் பட்டறையில் அமிலப் புகையும் மெருகுத் தூசியும் குடும்பத்தின் மூச்சில் கலக்கின்றன. இடைத்தரகர் எடை பார்த்து வாங்கும்போது வேலைப்பாட்டுக்குக் கூலி தேய்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் குரேரோவின் குற்றக் கும்பல்கள். 2024 ஜனவரியில் வேன், டாக்சி ஓட்டுநர்கள் கொல்லப்பட்டதால் ஊரில் வண்டிகள் ஓடாமல் நின்றன. சுற்றுலாவை நம்பிய ஊருக்கு அது வயிற்றில் அடித்த அடி.

அப்படியும் சனிக்கிழமை விடிந்தால் வெள்ளிச் சந்தை கூடுகிறது. மெக்சிகோவின் பல ஊர்களிலிருந்து வியாபாரிகள் வந்து மொத்தமாக அள்ளிப் போகிறார்கள். அந்தப் பக்கம் பயணம் அமைந்தால் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். வாங்கும் பண்டத்தைத் திருப்பிப் பார்த்து இரண்டு முத்திரைகளைத் தேடுங்கள். ஒன்று 925. நம்மூர்க் கடையில் ‘92.5 வெள்ளி’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். மற்றது செய்தவரின் அடையாளக் குறி. இரண்டும் இருந்தால் பேரத்தை அளவோடு நிறுத்துங்கள். முடிந்தால் கடையை விட்டு அந்தப் பட்டறைக்கே போய், செய்தவர் கையிலேயே காசைக் கொடுங்கள்.