மழைக்காலத்தில் ஆர்க்கிட் செடிகளைக் காப்பது எப்படி?

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர் வீடுகளில் தோட்டமென்று சொல்லத்தக்க இடம் குறைவு. ஆயினும், திண்ணையோரத்திலும் மொட்டைமாடியிலும் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் தொட்டிகளைத் தொங்கவிட்டு வளர்க்கும் சகோதரிகள் உண்டு. கோடையில் செழித்திருந்த செடி, ஜூன் மாதத்தில் இடவப்பாதி தொடங்கியதும் அழுகிச் சாய்வதைத் தடுக்கும் வழிகளை இங்கே கூற விரும்புகிறோம்.

முதலில் செடியின் இயல்பை அறிதல் வேண்டும். கொச்சியில் டச்சுக்காரரின் தளபதியாயிருந்த வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் இறுதித் தொகுதி இந்நாட்டு ஆர்க்கிட்டுகளை 'ஆஞ்ஞிலி மரவாழ' என்பதுபோல் மரத்தின் பெயரோடு சேர்த்தே குறிக்கிறது. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வேரைக் காற்றில் விட்டு வாழும் இச்செடிக்கு மண்ணும் தேங்கிய நீரும் ஆகா.

ஆகவே, தொட்டியில் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் இட்டு, தேங்காய் மட்டையைக் குறைத்துக்கொள்க. தொட்டிகளிடையே காற்று புக இடம் விடுக. மழை நேரே விழாதபடி கூரையடியில் தொங்கவிடுக. நீர் விடுவதாயின் காலையில் விடுக. குருத்தில் நீர் தங்கலாகாது.

இலையடியிலோ குருத்திலோ நீர்கோத்த கரும்புள்ளி தோன்றிப் பரவினால், அது கருப்பு அழுகல் நோயாகும். உடனே அச்செடியைத் தனியே வைத்து, நெருப்பில் காட்டி ஆறிய கத்தியால், நல்ல பகுதியும் சிறிது சேரும்படி வெட்டி எறிக. வெட்டிய வாயில் பட்டைப் பொடியைத் தூவலாம். நம் கடைத்தெருவில் அதற்குப் பஞ்சமில்லை! ஆனால் வேரில் படலாகாது. வேரை அது உலர்த்திவிடும். ஒவ்வொரு செடியை வெட்டுமுன்னும் கத்தியை நெருப்பில் காட்டுக. கத்தி வழியே பரவும் வைரஸ் நோய்களுக்கு மருந்தே இல்லை.

மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். மீண்டும் வந்தால், 1 லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்க. எறும்புகள் மாவுப்பூச்சியைச் சுமந்து பரப்புவதால் அவற்றையும் தடுத்தல் வேண்டும்.

மழைநாளில் வேர்முனையைத் தின்னும் ஆப்பிரிக்க நத்தையிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. எலிகளிடமிருந்து அதற்குத் தொற்றும் ஒருவகைப் புழு, மனிதருக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கவல்லது. வெறுங்கையால் தொடாது, கையுறையணிந்து எடுத்துக் கடும் உப்புநீரில் இடுக. குழந்தைகள் அதனோடு விளையாட விடலாகாது.

ஒட்டி ஒட்டி அமைந்த வீடுகளில் கடும் நஞ்சு தெளிப்பது அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் கேடு. செம்பு கலந்த மருந்துகள் டென்ட்ரோபியத்தைக் கருக்கிவிடவும் கூடும். ஆதலின், மேற்சொன்னவற்றால் நோய் தணியாவிடில், பாதிக்கப்பட்ட இலையொன்றை உறையிலிட்டுக் கிருஷி பவனில் காட்டிக் கேட்டபின்னரே மருந்து வாங்குக. புதிதாக வாங்கும் செடியை மூன்று வாரம் ஒதுக்கி வைத்துப் பார்த்து, பிறகே மற்றவற்றோடு சேர்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.