பழைய லைட் போர்டுக்குப் புதிய மூளை!

நாடகத்தில் கதாநாயகி அழுகிறாள். மேடையில் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்குகிறது. ரசிகர்கள் கைக்குட்டையைத் தேடுகிறார்கள். அந்த வெளிச்சத்தை மங்கச் செய்தவர் யார்?

அரங்கின் பின்பக்கம் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்திருப்பவர் அவர். நோட்டீசில் அவர் பெயர் கடைசி வரியில் இருக்கும். பல சமயம் அதுவும் இராது. அவருக்கு முன்னால் இருப்பதுதான் "லைட் போர்டு".

மேல் வரிசையில் 24 கைப்பிடிகள். கீழ் வரிசையில் 24 கைப்பிடிகள். மேல் வரிசைப்படி ஒரு காட்சி எரிந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த காட்சிக்கு வேண்டிய அளவுகளைக் கீழ் வரிசையில் வைத்துவிட வேண்டும். நேரம் வந்ததும் பெரிய கைப்பிடியைத் தள்ளினால் ஒன்று மங்கும், மற்றது ஒளிரும். உடனே மூன்றாவது காட்சிக்காக மேல் வரிசையை மாற்ற வேண்டும். நாடகம் முடியும்வரை இதே வேலை. ஒரு கைப்பிடி தவறினால், வில்லன் முகத்தில் விழ வேண்டிய சிவப்பு விளக்கு மாமியார் முகத்தில் விழும்!

சங்க மண்டபங்களிலும் சிறிய அரங்குகளிலும் இத்தகைய பழைய போர்டுகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டருடன் இணைக்க முடியுமா? முடியும்.

உப்புத் தண்ணீர் காலம்

ஆரம்ப காலத்தில் விளக்கை மங்கச் செய்ய உப்புத் தண்ணீர் ஜாடிகூடப் பயன்பட்டது. தண்ணீருக்குள் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். அவை நெருங்கினால் வெளிச்சம் கூடும், விலகினால் குறையும். தவறிக் கை வைத்தால் ஆளே போய்விடுவார்.

கையில் கிடைத்த சாதனங்களைக் கொண்டே அதிசயம் செய்தவர்கள் நம் நாட்டில் உண்டு. கல்கத்தாவின் தபஸ் சென் அவர்களில் தலையானவர். 1959-ல் உத்பல் தத் மினர்வா அரங்கில் நடத்திய "அங்கார்" நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்கும் காட்சி வரும். வெள்ளம் ஏறுவதை வெறும் விளக்கொளியாலேயே காட்டினார் தபஸ் சென். கம்ப்யூட்டர் இல்லை, கைதான்.

அமெரிக்காவில் நியூயார்க் பிராட்வே அரங்குகளிலும் கைதான். பியானோ பெட்டி போலப் பெரிய பெட்டிகள், நீண்ட கைப்பிடிகள். பல எலெக்ட்ரீஷியன்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். 1975-ல் "எ கோரஸ் லைன்" என்ற இசை நாடகத்துக்கு ஒளி அமைத்த தாரன் மஸ்ஸர் என்ற பெண்மணி, "எல்.எஸ்.8" என்ற நினைவாற்றல் உள்ள போர்டை அங்கே கொண்டுவந்தார். ஒத்திகையில் அமைத்த அளவுகளை அந்த இயந்திரம் நினைவில் வைத்துக்கொண்டது. பொத்தானை அமுக்கினால் போதும்! அந்த நாடகம் 1990 வரை 6,137 முறை நடந்தது. மஸ்ஸருக்கு 1976-ல் டோனி விருது கிடைத்தது.

தூக்கி எறிவதா?

புதிய போர்டு வாங்கினால் என்ன என்று கேட்கலாம். பணம் வேண்டுமே! நல்ல போர்டும் அதற்கு ஏற்ற புதிய டிம்மர்களும் வாங்க, வாடகை வருமானத்தில் ஓடும் மண்டபக் கமிட்டிக்குப் பல ஆண்டு வரவு வேண்டும். பழைய போர்டோ கெட்டுப்போகவில்லை.

ஆனால் இன்னொரு நெருக்கடி வந்துவிட்டது. மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து எல்லோரும் எல்.இ.டி. விளக்குக்கு மாறுகிறார்கள். பழைய குண்டு விளக்குக்கு ஒரு கைப்பிடி போதும். எல்.இ.டி. மேடை விளக்குக்கோ சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என மூன்று, நான்கு கைப்பிடிகள் வேண்டும். பத்து விளக்கு வாங்கினால் 24 கைப்பிடி போர்டு திணறிவிடும். அதனால்தான் கம்ப்யூட்டரின் துணை தேவைப்படுகிறது.

இணைப்பது எப்படி?

பழைய போர்டிலிருந்து ஒவ்வொரு டிம்மருக்கும் ஒரு தனி ஒயர் போகும். பெரும்பாலும் அதில் ஓடுவது 0 முதல் 10 வோல்ட் வரை. 0 என்றால் இருட்டு, 5 என்றால் பாதி, 10 என்றால் முழு வெளிச்சம்.

கம்ப்யூட்டர் பேசுவது வேறு பாஷை. அமெரிக்க மேடைத் தொழில்நுட்பச் சங்கம் 1986-ல் வகுத்த அந்த பாஷைக்கு "டி.எம்.எக்ஸ். 512" என்று பெயர். ஒரே கேபிளில் 512 அளவுகள் வரிசையாகப் போகும். தபால்காரர் ஒரு சந்தில் 512 கடிதங்களை வரிசையாக வாசித்துக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் எண் வரும்போது தன் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார். முழு வரிசையையும் வினாடிக்கு சுமார் 44 தடவை வாசித்துவிடுவார் இந்தத் தபால்காரர்!

இந்த பாஷையை 0-10 வோல்ட்டாக மொழிபெயர்க்க ஒரு சிறிய பெட்டி உண்டு. அதன் ஒயர்களையும் பழைய போர்டின் ஒயர்களையும் டயோடு வைத்துச் சேர்த்துவிட்டால், இரண்டில் எது அதிகமோ அதுவே விளக்குக்குப் போகும்.

போர்டு சற்றுப் புதியது, அதிலேயே டி.எம்.எக்ஸ். உண்டு என்றால் இன்னும் சுலபம். இரண்டு வரிசைகளையும் ஒன்றாக்கும் "மெர்ஜர்" பெட்டி ஒன்று போதும். நினைவாற்றல் உள்ள சில போர்டுகளில் "மிடி" என்ற துளை இருக்கும். 1983-ல் இசைக் கருவிகளுக்காக வந்தது இது. கம்ப்யூட்டர் அதன் வழியாக "12-வது காட்சியைப் போடு" என்று கட்டளை அனுப்பும். போர்டு கீழ்ப்படியும்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. டிம்மர் பக்கம் 230 வோல்ட் ஓடுகிறது. அங்கே கோளாறு ஏற்பட்டு மின்சாரம் கம்ப்யூட்டருக்குத் திரும்பினால், கம்ப்யூட்டர் போகும், அதைத் தொட்டவரும் போவார். இதற்குக் காப்பு, "ஐசொலேட்டர்". அதனுள்ளே ஒயர் தொடர்பே இல்லை. ஒரு சின்னஞ்சிறு விளக்கு சிமிட்ட, எதிரே உள்ள கண் அதைப் பார்த்துச் செய்தியை வாங்கிக்கொள்கிறது. பணத்தை மிச்சம் பிடிக்க இதை விட்டுவிடுவது பைத்தியக்காரத்தனம்.

அதேபோல, வாணவேடிக்கை, கனமான தூக்கு இயந்திரம் இவற்றை இந்தக் கேபிளில் இணைக்கவே கூடாது. செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் வழி டி.எம்.எக்ஸில் இல்லை. விளக்கு ஒரு கணம் மினுக்கினால் பரவாயில்லை. பாரம் தலையில் விழுந்தால்?

ஆள் குறையுமா?

"கம்ப்யூட்டர் வந்தால் நம் பிழைப்பு?" என்று லைட்காரர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. பிராட்வேயில் பலர் இழுத்த கைப்பிடிகளை ஒரே போர்டு விழுங்கியது உண்மைதானே! ஆனால் சிறிய அரங்கில் ஏற்கனவே இருப்பது ஒரே ஆள். ஏணி மேல் நிற்பதும் அவர், கீழே இறங்கி அறைக்கு ஓடி 8-ம் நம்பரைப் போட்டுவிட்டு மறுபடி ஏறுவதும் அவரே. வை-பை மூலம் கம்ப்யூட்டரோடு பேசும் கைப்பேசி இருந்தால் ஏணியில் நின்றபடியே விளக்கைப் போட்டுப் பார்க்கலாம். முழங்காலுக்குப் புண்ணியம்!

நாடகத்தன்று கவனிக்க வேண்டியது வேறு. பழைய போர்டில் எல்லாக் கைப்பிடிகளும் அடியில் இருக்க வேண்டும். ஒன்று மேலே இருந்துவிட்டால், கம்ப்யூட்டர் எவ்வளவு இருட்டு கேட்டாலும் அந்த விளக்கு அணையாது. கம்ப்யூட்டர் உறைந்துபோனால் அதன் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பழைய கைப்பிடியை உயர்த்த வேண்டும். எனவே போர்டுக்காரர் இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. அரங்கு நிறைந்தால் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் வந்து வை-பையில் நெரிசல் உண்டாகும். ஆகவே ஒத்திகைக்கு வை-பை, நாடகத்துக்கு ஒயர்.